கயிற்றின் கதை – 14: நாய் வண்டி

2001 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு, தெருநாய்களின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. வெளியிட்டது கலாசார அமைச்சகம். தெருநாய்க்கும் கலாசாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மூளையைக் கசக்க வேண்டாம். விலங்குநலப் பிரிவு அந்தச் சமயத்தில் அந்த அமைச்சகத்தின்கீழ் இருந்தது, அவ்வளவுதான். நாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்த விதிகளில் ஓர் இடம் வருகிறது. வதைக்காத முறையில் பிடிக்க வேண்டுமாம். உதாரணமாக லாஸோ வீசியோ, மென்சுருக்கு வைத்த கருவியாலோ பிடிக்கலாமாம். மெக்சிகோவின் மேய்ச்சல் நிலத்தில் குதிரைமேல் பிறந்த ஒரு கயிறு, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் டீக்கடை வாசலில் பன்னுக்குக் காத்துக் கிடக்கும் நாயின் கழுத்துக்கு இப்படித்தான் சட்டபூர்வமாக வந்து சேர்ந்தது.

லாஸோ ஆங்கிலத்துக்கு ஸ்பானியர் வழியாக வந்தது. அவர்கள் மொழியில் அதற்குச் சுருக்கு, கண்ணி என்று பொருள். குதிரையேறி மாடு மேய்த்த வாக்கேரோக்கள் பச்சைத்தோலை வாராகக் கீறிப் பின்னிய கயிற்றை ‘லா ரெயாட்டா’ என்றார்கள். டெக்சாஸ்காரன் காதில் அது லேரியட் என்று விழுந்தது. இரண்டும் ஒரே கயிறுதான் என்றாலும் புழக்கத்தில் சின்ன வேறுபாடு உண்டு. லாஸோ வினைச்சொல்லாகவும் வரும்; மாட்டை லாஸோ செய்தான் என்பார்கள். லேரியட் பெரும்பாலும் கயிற்றின் பெயர் மட்டுமே, குதிரையை முளையடித்து மேயவிடும் கயிற்றையும் சேர்த்து. வேடிக்கை என்னவென்றால், அங்கே இன்றும் மாடு பிடிப்பவர்கள் இந்த இரண்டையும் அதிகம் சொல்வதில்லை. அவர்களுக்கு அது வெறும் ‘ரோப்’. லாஸோ என்று வாய்நிறையச் சொன்னது சினிமாவும் படக்கதையும்தான். நமக்கும் அந்த வழியில்தான் பழக்கம். 1972இல் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ தலைமுறைக்கும், சிவகாசியிலிருந்து வந்த டெக்ஸ் வில்லர் கதைகளைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த தலைமுறைக்கும் அந்தக் கயிற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சொல்தான் வெளியூர். உருவாஞ்சுருக்கு நமக்குப் புதிதில்லை. பிள்ளையாரின் ஒரு கையில் அங்குசமும் இன்னொரு கையில் பாசமும் இருக்கின்றன. இரண்டுமே யானைக்காரனின் கருவிகள். பாரசீக மன்னன் செர்க்சஸின் படையில் சகார்த்தியர் என்னும் குதிரைவீரர் 8,000 பேர் வாளும் ஈட்டியும் இல்லாமல், குறுவாளும் தோல்வார்ச் சுருக்குமாகவே போருக்கு வந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். சென்ற இதழில் பார்த்த மட்டக்களப்பு ஏறாவூர்ப் பணிக்கர்களும் மான்தோல், எருமைத்தோல் வாரைத் திரித்த சுருக்கோடுதான் காட்டுக்குள் போனார்கள். யானைக்குத் தெரியாமல் பின்னால் ஊர்ந்துபோய், அது காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிய அவர்களுடைய துணிச்சலை எமர்சன் டெனன்ட் 1859இல் வியந்து எழுதினார்.

அந்த அத்தியாயத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பணிக்கரின் சுருக்கு காலுக்குத்தான் போனது, கழுத்துக்கு அல்ல. யானை உயிரோடு, ஊனமில்லாமல் கைக்கு வந்தால்தான் காசு. அமெரிக்க மாடுபிடிக்காரனும் கன்றின் எலும்பு முறியாமல் பார்த்துக்கொண்டான். அது முதலாளியின் சொத்து. பிடிபடும் உயிருக்குச் சந்தையில் என்ன விலையோ, அதற்குத் தக்க பக்குவம் சுருக்கில் இருந்தது. விலையே இல்லாத உயிரைப் பிடிக்கச் செய்த சுருக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்குத்தான் நாய் வண்டியிடம் வருகிறோம்.

சொல்லப்போனால் நாய்க்கும் ஒரு விலை வைத்தார்கள், செத்த நாய்க்கு. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி தெருநாய்களைக் கொல்வதற்குத் தலைக்கு எட்டணா கொடுத்தது. எட்டணா ஆசையில் வீட்டு நாய்களும் அள்ளப்பட்டன. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் 1832 ஜூன் மாதம் தெருவில் இறங்கினார்கள்; கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குப் போகும் வழியில் கல்லெறி நடந்தது. நவீன பம்பாயின் முதல் கலவரம் நாய்க்காக நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

சென்னையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இங்கே அச்சம்தான் மேலோங்கி இருந்தது. அந்த அச்சத்தை எள்ளி நகையாடும் உரிமை நமக்கு இல்லை. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம், இன்றைக்கும் அப்படித்தான். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். தென்னிந்தியாவில் சிகிச்சைக்கு இடமே இல்லை. இந்தியாவுக்கே இருந்த பாஸ்டர் நிலையம் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில். நோய் முந்துமா, ரயில் முந்துமா என்ற கேள்வி. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. டேவிட் செம்பிள் கண்ட முறையில், ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தைத்தான் நம் ஊர் ஆஸ்பத்திரிகள் பல பத்தாண்டுகள் போட்டன. ‘தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி’ என்று சொல்லியே பிள்ளைகளை நாய்ப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தார்கள். அந்த மருந்து இந்தியாவில் முற்றிலும் நின்றது 2004இன் இறுதியில்தான். பதினான்கு ஊசியை நினைத்து நடுங்கிய ஊர், நாய் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

நாய் வண்டி என்பது ஒரு கூண்டு. முதலில் மாடோ ஆளோ இழுத்தது, பிறகு மோட்டார் வந்தது. பிடிப்பவர் கையில் இரண்டு கருவிகள். ஒன்று நீண்ட இரும்பு இடுக்கி. இடுப்பையோ கழுத்தையோ கவ்வி இழுக்க. மற்றது கழி அல்லது குழாயின் முனையில் கம்பிச் சுருக்கு. கம்பியின் மறுமுனை பிடிப்பவர் கையில். கழுத்தில் விழுந்ததும் இழுத்தால் இறுகும். நாய் திமிறினால் இன்னும் இறுகும். தோல்வாருக்கும் நார்க்கயிற்றுக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு, கம்பிக்குக் கிடையாது. மாடுபிடிக்காரனின் கயிற்றில் இழுப்பு நின்றால் சுருக்கு தானே நெகிழும். இந்தக் கம்பி நெகிழாது, அதை நெகிழ வைக்க வேண்டிய தேவையும் யாருக்கும் இருக்கவில்லை. வண்டி போய்ச் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதுதான் வழக்கம்.

இந்த வேலையைச் செய்தவர்கள் மாநகராட்சியின் கடைநிலை ஊழியர்கள். நாய்களும் அவர்களைக் கண்டால் குரைத்தன, தெரு ஜனங்களும் திட்டினார்கள். கொல்லச் சொல்லி மனுப்போட்ட பெரிய மனிதர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள். கடி வாங்கியது இவர்கள். சென்னையின் எந்த வரலாற்றிலும் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கதையின் திருப்பம் தென்சென்னையில் நிகழ்ந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் விலங்கு வதைக்கு எதிராக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தது, அவரே தலைவர், அன்று தலைமையகம் சென்னை. ஆனால் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் ஒரு சிறு விலக்கு கண்ணில் படும்: தெருநாய்களைக் கொலைக்கூடங்களில் அழிப்பது வதை ஆகாது. வதைக்கு எதிரான சட்டமே நாய் வண்டிக்கு வழிவிட்டு நின்றது. 1972இல் விலங்குகளைப் பிடிப்பது பற்றித் தனி விதிகள் வந்தன. பறவை என்றால் வலை, மற்ற விலங்கு என்றால் சாக்கும் சுருக்கும், பெரிய விலங்கு என்றால் மயக்கத் துப்பாக்கி. சுருக்கு என்ற சொல் நம் நாட்டு விதிகளில் கொஞ்சம் மரியாதையோடு ஏறியது அங்கேதான். கம்பிக்காரர்களின் காதுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை.

விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1964இலேயே மாநகராட்சியிடம் ஒரு யோசனை சொன்னது: கொல்லாதீர்கள், பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள். அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா. படிப்பால் பொறியாளர் என்பதாலோ என்னவோ, கணக்கைக் கொண்டே வாதாடினார். 1860 வாக்கில் நாளுக்கு ஒரு நாய்கூடக் கொல்லப்படவில்லை. 1990களின் நடுவில் நாளுக்கு 135. இவ்வளவு கொன்றும் தெருவில் நாய் குறையவில்லையே, எங்கே பிசகு? ஒரு தெருவில் நாலு நாயை எடுத்தால் அந்த எச்சிலிலைக்கும் குப்பைத்தொட்டிக்கும் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும், வந்தது ஊசி போடாததாகவும் குட்டி போடுவதாகவும் இருக்கும் என்பது அவர் பதில். கொல்லப்பட்ட நாய்களின் தோல் அவ்வளவு குவிந்ததால் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் டையும் பணப்பையும் செய்து பார்த்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

யோசனை 32 ஆண்டுகள் கோப்பில் கிடந்தது. 1996இல்தான் மாநகராட்சி கொல்வதை நிறுத்தி, முதலில் தென்சென்னையிலும் பிறகு நகரம் முழுவதிலும் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. அந்த ஆண்டு நகரத்தில் 120 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறந்ததாகவும், 2007இல் அது 5ஆகக் குறைந்ததாகவும் ப்ளூ கிராஸ் கணக்குச் சொல்கிறது. இந்தக் குறைவு முழுவதையும் கருத்தடையின் கணக்கில் எழுத நான் தயங்குவேன். அதே காலத்தில் மனிதர்களுக்கான தடுப்பூசியும் மேம்பட்டது, எளிதாகக் கிடைத்தது. ஆனாலும் 130 ஆண்டுகளுக்கு மேல் கொன்று சாதிக்காததை 11 ஆண்டில் ஊசி சாதித்தது என்பதில் சந்தேகமில்லை.

இந்தச் சென்னை அனுபவம்தான் 2001 விதிகளுக்கு முன்னோடி. விதிகள் நாய் பிடிக்கும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லின. வண்டி ஓட்டுநர், பயிற்சி பெற்ற இரண்டு பேராவது, விலங்குநல அமைப்பிலிருந்து ஒருவர். பிடிக்கப்போகும் பகுதியில் முன்கூட்டியே அறிவிப்புத் தட்டி கட்ட வேண்டும். பிடித்த நாயை அதே இடத்தில் திரும்ப விட வேண்டும். அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு. ஏறாவூரிலும் டெக்சாசிலும் சுருக்கின் பக்குவத்தை விலை தீர்மானித்தது என்றேன். விலையில்லாத தெருநாயையும் பக்குவமாகப் பிடி என்று நம் நாட்டு அரசு பெயர் சொல்லிச் சொன்னது இந்த விதிகளில்தான். லாஸோ என்று எழுதியவர்கள் எந்தக் கயிற்றை மனதில் வைத்து எழுதினார்களோ தெரியாது. நோக்கம் கம்பியை ஒழிப்பது.

நடைமுறையில் லாஸோ நாய்க்குச் சரிப்படவில்லை. திறந்தவெளி, ஓடும் குதிரை, கொம்புள்ள மாடு, இந்த மூன்றும் இருந்தால்தான் அந்தக் கயிற்றுக்கு வேலை. சந்தில் தலைக்குமேல் கயிறு சுழற்ற இடமேது? கேபிள் ஒயர், துணிக்கொடி, வரிசையாக நிற்கும் பைக்குகள். நாயோ தரையோடு தரையாகப் பாய்ந்து காருக்கு அடியில் போய்விடும். சுருக்கு விழுந்தாலும் தலை சிறுத்த நாய் பின்வாங்கி உருவிக்கொள்ளும். அதனால் தேர்ந்த குழுக்கள் வலைக்கு மாறின. கழியில் பொருத்திய இரும்பு வளையம், வளையத்தில் பை போன்ற வலை. ஒருவர் ஓடவிட, மற்றவர் எதிரே நின்று கவிழ்க்க, வாயை முறுக்கித் தூக்கினால் நாய் கூண்டுக்குள். கோவாவில் 2013க்குப் பின் நடந்த பெரிய தடுப்பூசி இயக்கம் இந்த வலையோடுதான் ஊர் ஊராகப் போனது. 2018 முதல் 2021 வரை அங்கே வெறிநாய்க்கடியால் மனிதர் யாரும் இறக்கவில்லை. 2021இல் அந்த மாநிலம் நோய் கட்டுப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஊட்டியில் இயங்கும் பன்னாட்டுக் கால்நடைச் சேவை நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் நாய் பிடிப்பவர்களுக்கும் இந்த வித்தையைக் கற்றுத் தருகிறார்கள்.

இனி முடிச்சூர். தாம்பரத்திலிருந்து மேற்கே போகும் சாலையில் பழைய பெருங்களத்தூரைத் தாண்டினால் முடிச்சூர், அதற்கப்பால் அடையாறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரதராஜபுரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊர்ப் பெயர்கள் நாடெங்கும் செய்தியில் அடிபட்டன. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூர் பேரூராட்சி அதற்குள் போனது. முடிச்சூர் போகவில்லை, பரங்கிமலை ஒன்றியத்தின் ஊராட்சியாகவே நின்றது, செங்கல்பட்டு மாவட்டத்தில். வரதராஜபுரமோ காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் ஒன்றியம். காலையில் பெருங்களத்தூர்க் கறிக்கடையில் நிற்கும் நாய் மதியம் முடிச்சூர்க் குப்பைமேட்டுக்கு வந்து, ராத்திரி வெளிவட்டச் சாலைப் பாலத்தைக் கடந்தால் ஒரே நாளில் மூன்று உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருந்துவிடுகிறது. மூன்றில் எதன் வண்டி அதைப் பிடிப்பது?

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எல்லைக்கு இந்தப் பக்கம் 70 ஆக்கிவிட்டு அந்தப் பக்கத்தை அப்படியே விட்டால், இரண்டு வருடத்தில் கணக்குப் பழைய இடத்துக்கு வரும். சென்னை மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பில் நகரத்தில் ஏறக்குறைய 1.81 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகவும், கருத்தடை ஆனவை 27 விழுக்காடு என்றும் தெரிந்தது. 1996இல் நாட்டுக்கே வழிகாட்டிய நகரத்தின் நிலை இது. அறுவைக்கூடமும் வண்டியும் மருத்துவரும் உள்ள மாநகராட்சிக்கே இப்படி என்றால், ஊராட்சித் தலைவர் ஒருவரும் செயலர் ஒருவரும் என்ன செய்துவிட முடியும்? புகார் முற்றும்போது யாரோ ஒரு தனியார் ஆளைக் கூப்பிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பிச் சுருக்கில் அள்ளி வேறு ஊர் எல்லையில் கொட்டச் சொல்வது புறநகர்களில் நடக்காத காரியம் இல்லை. கொட்டிய ஊருக்குத் தொல்லை, அள்ளிய ஊரில் காலியான இடத்துக்குப் புது நாய்.

2023 மார்ச்சில் பழைய விதிகளுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்தன. 2025இல் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி ஓர் உத்தரவு, ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் ஆளைப் பாயும் நாய்களும் தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று இன்னோர் உத்தரவு. சுருங்கச் சொன்னால், இனிவரும் ஆண்டுகளில் நாய் வண்டிகள் கூடுதலாக ஓடும், பிடிப்பவர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள். பயிற்சி இல்லாத ஆளை அவசரத்தில் இறக்கினால் அவர் கையில் முதலில் ஏறப்போவது கம்பிதான்.

ஆகவே முடிச்சூர் வாசகர்களுக்கும், அதைச் சுற்றிய ஊர்க்காரர்களுக்கும்: உங்கள் தெருவுக்கு நாய் வண்டி வந்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முன்னறிவிப்பு எங்கே, கையில் வலையா கம்பியா, எங்கே கொண்டுபோய் என்றைக்குத் திரும்ப விடுவீர்கள். அடுத்த கிராம சபையில் பெருங்களத்தூர்ப் பக்கமும் வரதராஜபுரம் பக்கமும் சேர்த்து ஒரே வாரத்தில் ஊசி முகாம் நடத்தச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். யாரையாவது நாய் கடித்தால் மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம், கையில்தான் போடுவார்கள், 0, 3, 7, 28ஆம் நாட்கள் என நான்கு தவணை. நான்கையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

(தொடரும்)